சாட்சி சொன்ன ஞாயிறு

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையின்போது யார் வேண்டுமானாலும் முன்னால் போய்ச் சாட்சி சொல்லலாம். கடவுள் நமக்குச் செய்ததைச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. நாம் கடவுளுக்குச் செய்ததைச் சொல்லிவிட்டு வருவது வழக்கம். இதைக் கேலியாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அந்த ஒலிவாங்கியை என்னளவு ஆசையோடு பிடித்தவர்கள் அங்கே அதிகம் பேர் இல்லை.

போன வருடம் போதகர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். வீட்டுக் கஷ்டத்தால் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் தவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, நிலைமை சீராகும்வரை அந்தப் பிள்ளைகளை யாராவது வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் நான் கையைத் தூக்கிவிட்டேன். என் கணவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அரியாலையில் எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. நானும் படிப்பித்தலில் இருந்து ஓய்வுபெற்று, அதட்ட ஆளில்லாமல் இருந்தேன்.

எங்களிடம் வந்தது புத்தூரைச் சேர்ந்த எட்டு வயதுப் பெண்பிள்ளை. தகப்பன் கொழும்புக்கு வேலைக்கென்று போனவர், பிறகு ஆளும் இல்லை, போனும் இல்லை. தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தாள். அவளுக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை. காயம் நன்றாக ஆறும்வரை பாரம் தூக்கக்கூடாது, கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அவர்கள் சைவக்காரர். நோயாளிகளைப் பார்க்க ஆசுபத்திரிக்குப் போன இடத்தில்தான் போதகர் அவளைச் சந்தித்தார்.

பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது தாய் கதிரை நுனியில் இருந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ரீச்சர், எங்கடை வீட்டுக் கதையை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. ஆரும் கேட்டா, தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளையெண்டு சொல்லுங்கோ. அவள் ரோசக்காரி.”

“சீ, நான் ஏன் சொல்லுறன்? நீர் ஒண்டுக்கும் யோசியாமல் போய் உடம்பைப் பாரும்,” என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

பிள்ளை முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு மூட முடியவில்லை. என் கணவரோடு கரம்போட் விளையாடித் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளை வெல்லவைக்க அந்த மனிசன் படாத பாடு பட்டார். காலையில் குளித்துவிட்டுத் தானாகவே திருநீறு பூசுவாள். ஞாயிறுகளில் அந்தத் திருநீற்றோடே அவளை ஆராதனைக்குக் கூட்டிப்போனேன். என் மனது எவ்வளவு பரந்தது என்று சபை பார்க்கவேண்டும் அல்லவா!

அந்த மாதக் கடைசி ஞாயிறு எனக்கு முன்னால் சாட்சி சொன்னவள் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு பெண். அவளும் அப்படி இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பெடுத்திருந்தாள். அந்தப் பிள்ளைகள் இரவில் தன்னைக் கட்டிப்பிடித்துத் தூங்குவதைச் சொல்லி அழுதாள், சனமும் மூக்கைத் துடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் இதைவிடப் பெரிய கதை இருந்தது. ஆராதனை வெளிநாட்டு உறவுகளுக்காக நேரலையில் போகிறது என்பதும், கனடாவில் என் தங்கச்சி தவறாமல் பார்ப்பாள் என்பதும் என் நினைவில் இருந்தன.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். தகப்பன் கைவிட்டுப் போனதைச் சொன்னேன். வந்த அன்று தலையில் பேன் நெளிந்ததைச் சொன்னேன். சனம் தலையாட்டியதே தவிர அழவில்லை. அதன்பிறகுதான், கட்டில் விரிப்பை உதறியபோது தலையணைக்குக் கீழே, காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பாணில் மிச்சம்பிடித்த துண்டுகள் காய்ந்து கிடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குக் கொண்டுபோக ஒளித்து வைத்தேன் என்று அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துச் சொன்னதை, அவளுடைய குரலிலேயே சொல்லிக் காட்டினேன். சனம் அழுதது. பிள்ளை என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தும் நிறுத்தவில்லை. கண்ணை மூடி ஒரு ஜெபமும் செய்தேன்.

கண்ணைத் திறந்தால் பக்கவாசலில் தாய் நிற்கிறாள். பிள்ளையைப் பார்க்கும் ஆசையில், சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஒரு கையில் எங்களுக்கென்று கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பு, மற்றக் கை வயிற்றில்.

வெளியில் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, கண்ணீர் வரவைத்துவிட்டீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அவள் எல்லோரும் போகும்வரை காத்து நின்றாள்.

“நல்லாக் கதைச்சியள் ரீச்சர்,” என்றாள். குத்தல் இல்லை, கோபமும் இல்லை. “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்.”

“காயம் இன்னும் ஆறேல்லை. தண்ணி ஆர் அள்ளுறது?”

“அதை நாங்கள் பாப்பம்.”

“நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்,” என்றேன். மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். அன்று காய்ச்சலென்று வீட்டில் நின்ற என் கணவர் விஷயத்தைக் கேட்டதும், “இஞ்சரும், காலிலை விழுந்தாலும் பரவாயில்லை, போகவிடாதையும்,” என்று என் காதருகே சொன்னார். நான் அசையவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவளுக்கு அது தனக்கென்று வந்தபோது நா எழவில்லை.

பிள்ளை உள்ளே போய்த் தன் பையை அடுக்கிக்கொண்டு வந்தாள். பையை வாங்கத் தாய் கையை நீட்டினாள். பிள்ளை கொடுக்கவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்று, பையின் சிப்பைத் திறந்து, அதை அப்படியே தலைகீழாகப் பிடித்து உதறினாள். சட்டைகளும் பள்ளிக்கூடக் கொப்பிகளும் நிலத்தில் விழுந்தன.

“பாருங்கோ அன்ரி, நான் ஒண்டும் எடுக்கேல்லை. பாண் ஒண்டும் இல்லை.”

தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, விழுந்ததையெல்லாம் பொறுக்கத் தொடங்கினாள்.