பின்னால் வந்த பாரம்

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்று அந்த லாரிக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது என் அக்கா. இரண்டு பேருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. தூக்கக் கலக்கமும் இல்லை. அப்போது மணி மாலை நாலேகால். பேய் வருகிற நேரமா அது, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் பழி முழுக்க அதன் தலையில் விழுந்துவிடும்.

நான் லாரி மெக்கானிக். அந்தப் பழைய மாடல் இன்ஜினைப் பற்றி எந்த டிரைவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "இழுவை இல்லப்பா." டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. புது வண்டிகள் மேட்டில் பறக்கும்போது இது தம் கட்டி, தலையை ஆட்டி ஆட்டி ஏறும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் வேகம் வேறு, இழுவை வேறு. அந்த இன்ஜின் ஓடாது, நடக்கும். ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டால் ஒரு வீட்டையே பின்னால் கட்டிவிட்டாலும் முனகிக்கொண்டே இழுத்து வந்துவிடும். இதற்காக நான் எத்தனை பேரோடு தொண்டை வறளச் சண்டை போட்டிருப்பேன் தெரியுமா?

அக்காவை அந்த லாரி வாங்கச் சொன்னதும் நான்தான்.

மலைமேல் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு டைல்ஸ் பெட்டிகள் ஏற்றிப் போகிற வேலையை அத்தான் பிடித்திருந்தார். ஏற்றி இறக்குவதை அவர் பார்த்துக்கொள்வார். ஓட்டுவது அக்கா. எங்கள் குடும்பத்திலேயே நிதானமான கை அவளுக்குத்தான்.

வாங்கிய முதல் வாரத்திலேயே பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற கடைசி மேட்டில் மட்டும் வண்டி திணறியது. சுமை இறக்குகிறவர்கள் அதற்கு 'ஆமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்கா போன் செய்யும்போதெல்லாம், "உன் ஆமைக்கு இன்னைக்கும் மூச்சு வாங்குதுடா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிப் பார்த்தேன். பம்பைப் பார்த்தேன். ஃபில்டர் மாற்றினேன். கம்ப்ரஷன் புது இன்ஜின் மாதிரி இருந்தது. பிரேக் எங்கேயாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று நான்கு பக்கமும் ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

அத்தான் பொறுமை இழந்துவிட்டார். "மச்சான், உன் பாசம் எனக்குப் புரியுது. ஆனா செத்த இன்ஜினுக்கு எத்தனை நாள் வைத்தியம் பார்ப்ப? இதைத் தூக்கிட்டு வேற மாட்டிடலாம். இல்லைன்னா இந்த வேலை நம்ம கையை விட்டுப் போயிடும்."

அக்காதான் சமாதானம் சொன்னாள். "ஒரு தடவை அவன் கூட வரட்டும். பார்த்துட்டு அவனே சொல்லட்டும்."

கிளம்புவதற்கு முன் அவள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இடித்தது.

"காலி வண்டியில போனாலும் அந்த மேட்டுல இப்படித்தான்டா."

"காலியாவா?"

"ஒரு பெட்டி கூட இல்ல."

பாரமே இல்லாமல் எந்த இன்ஜின் திணறும்? அதுவும் ஒரே ஒரு மேட்டில்?

மலை அடிவாரத்தில் தூறல் பிடித்தது. ஏற ஏறப் பனிமூட்டம். எதிரே இருபதடி தெரிந்தால் பெரிது. மற்ற மேடுகளை எல்லாம் வண்டி அழகாக ஏறியது. நான் டேஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தேன். "பாத்தியாக்கா? தங்கம்!"

அக்கா கடைசி மேட்டின் முதல் வளைவில் திரும்பினாள்.

வண்டி லேசாகக் குலுங்கியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது மாதிரி.

உடனே இன்ஜின் சத்தம் இறங்கியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பலம் இல்லாமல் திணறுகிற இன்ஜின் சத்தம் வேறு. பாரம் கூடித் திணறுகிற சத்தம் வேறு. முதலாவது இருமும், விட்டு விட்டு வரும். இரண்டாவது அடித்தொண்டையில் உறுமும். நான் கேட்டது இரண்டாவது.

"அக்கா, எவ்வளவு ஏத்தியிருக்க?"

"எப்பவும் ஏத்துறதுதான்."

"இல்ல. ஏதோ ஜாஸ்தியா இருக்கு."

என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். பனிக்குள் ஒரு வெள்ளை வேன். எங்களுக்குப் பின்னால் மிக நெருக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"ஒருத்தன் முட்டுற மாதிரி வர்றான்."

"தெரியும்," என்றாள் அக்கா. "எப்பவும் வர்றவன்தான்."

"எப்பவுமா?"

"இந்த மேட்டுக்கு மட்டும். மேல போனதும் எங்கயோ திரும்பிடுவான். நான் ஏறுற நேரத்துக்குத்தான் அவனும் வருவான்."

மறுபடி பார்த்தேன். அக்கா வேகத்தைக் குறைத்தாள், வேனும் குறைந்தது. அக்கா கொஞ்சம் மிதித்தாள், வேனும் வந்தது. இடைவெளி ஒரு சாண்கூடக் கூடவில்லை, குறையவில்லை. பனியில் வருகிற வண்டி விளக்குப் போட்டிருக்க வேண்டும். அதில் விளக்கு எரியவில்லை. மழையில் வைப்பர் ஓட வேண்டும். அது ஓடவில்லை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே முன் சீட்டில் இரண்டு உருவங்கள். முகம் தெரியவில்லை.

எனக்கு மெக்கானிக் புத்திதான் முதலில் வேலை செய்தது. விளக்கு இல்லை, வைப்பர் இல்லை, புகை இல்லை. அந்த வேனில் இன்ஜின் ஓடவில்லை.

இன்ஜின் ஓடாத வண்டி எப்படி மேடு ஏறும்?

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

யாராவது கட்டி இழுக்க வேண்டும்.

அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் பார்வை ரோட்டில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

பாம்... பாம்...

பின்னாலிருந்து. இரண்டு தடவை.

அக்கா சட்டென்று பிரேக்கை மிதித்துவிட்டாள். யாராக இருந்தாலும் மிதித்திருப்பார்கள். வண்டி நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அப்படியும் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"கட்டை குடுடா! சக்கரத்துக்குக் கட்டை!"

மரக்கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தேன். பின் சக்கரத்தின் அடியில் திணித்தேன். வண்டி கட்டைமேல் சாய்ந்து நின்றது. அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியின் பின்பக்கம் போனேன்.

வேன் இல்லை.

வெறும் ரோடு. மழைத் தண்ணீர் ஓடுகிற ரோடு. அதற்கு மேல் பனி.

மூச்சு விட்டேன். பைத்தியக்காரத்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

அப்போது கண்ணில் பட்டது. லாரியின் பின்பக்கச் சட்டத்தில் ஒரு இரும்பு வளையம். கயிறு மாட்டி இழுப்பதற்கு இருக்குமே, அது. ஆடுகிற வளையம். சும்மா இருந்தால் தரையைப் பார்த்துத் தொங்க வேண்டும்.

அது தொங்கவில்லை.

பின்னால் பார்த்து விறைப்பாக நின்றது. நேராக. ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது போல.

கை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வலது கையால் பிடித்தேன். இரும்பு பனிக்கட்டியாகச் சில்லிட்டது. கீழே அழுத்தினேன். அசையவில்லை. உள்ளே ஒரு நடுக்கம். இழுத்துக் கட்டிய கம்பி அதிருமே, அந்த நடுக்கம். அது என் கைக்குள் ஏறி, முழங்கை வரை வந்தது.

விட நினைத்தேன்.

விரல் பிரியவில்லை.

காலடியில் தண்ணீர் சலசலத்தது. கட்டை நசுங்கியது. கர்ர்க்... கர்ர்க்...

"விட்டுடு தம்பி..."

அக்காவின் குரல். மிக அருகில்.

"விட்டுடுடா..."

விரல்கள் பிரிந்தன. ஓடினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவைச் சாத்தினேன்.

அக்கா கியரைப் போட்டாள்.

ஃபர்ஸ்ட் கியர்.

இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

மறுபடி உறுமியது. கேபின் முழுக்க அதிர்ந்தது. கறுப்புப் புகை கண்ணாடியை மறைத்தது.

நகர்ந்தது.

ஒரு அடி. இன்னொரு அடி.

"நின்னுடாதே... நின்னுடாதே..." அக்கா முனகினாள். யாரிடம் சொன்னாளோ.

புகை விலகியதும் கண்ணாடியில் வெள்ளை வேன். அதே இடம். அதே இடைவெளி.

பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பார்த்தேன்.

ஸ்டியரிங்கில் ஒரு ஆண். பக்கத்தில் ஒரு பெண். அவள் முன்னால் குனிந்து, எங்கள் லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது.

டுர்ர்... டுர்ர்... டுர்ர்...

நிற்கவில்லை. அந்த இன்ஜின் நிற்கவே இல்லை. இழுவை இல்லை என்று சொன்ன ஒவ்வொருவனையும் அன்று அந்த கேபினில் உட்கார வைத்திருக்க வேண்டும். என்னத்தை இழுக்கிறோம் என்றே தெரியாமல் அது இழுத்தது.

மேடு முடிந்தது.

பின்னால் ஏதோ அறுந்த மாதிரி வண்டி முன்னால் பாய்ந்தது. அக்கா பிரேக் போட்டாள்.

கண்ணாடியில் பனி. பனி மட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் இறங்கவே இல்லை. அக்கா பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பாதி குடித்து, மீதியைப் புடவையில் கொட்டிக்கொண்டாள்.

"நல்ல வேளை நீ கூப்பிட்ட," என்றேன். "இல்லைன்னா நான் அங்கேயே நின்னிருப்பேன்."

"நான் எங்கடா கூப்பிட்டேன்?"

"விட்டுடு தம்பின்னு..."

"கண்ணாடி ஏத்தியிருந்துச்சு. எனக்கு அப்ப பேச்சே வரல."

"இந்த வண்டியை வித்தவரைத்தான் கேக்கணும்," என்றாள் அக்கா.

மறுநாள் காலை லாரியை எங்களுக்கு விற்றவரைத் தேடிப் போனோம். வயதான டிரைவர். ஒரு டயர் கடைக்கு மேலே சின்ன அறையில் தனியாக இருந்தார். ஜன்னல் வழியாகக் கீழே நின்ற லாரியைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரி மேட்டுக்குப் போனீங்களா?"

அக்கா தலையாட்டினாள்.

"ரெண்டு ஹாரன் கேட்டுச்சா?"

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தேன்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். பல வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி. அப்போது அங்கே ஆஸ்பத்திரி இல்லை. மேட்டில் ஒரு வேன் நின்றுபோயிருந்தது. புருஷன், பெண்டாட்டி, அவளுடைய தம்பி. மழை. கட்டி இழுத்து மேலே விடுகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஏதாவது என்றால் இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும் என்று பேச்சு.

"பாதி மேட்டுல ரெண்டு ஹாரன் வந்துச்சு. நிறுத்தினேன். கயிறு பிரியுதான்னு பார்க்க அந்தத் தம்பி இறங்கி ஓடி வந்தான். அவன் வந்து நிக்கவும் கயிறு அறுந்துச்சு. இன்ஜின் ஓடாத வேன்ல பிரேக் எங்க பிடிக்கும்? பின்னாடி உருள ஆரம்பிச்சிடுச்சு. அந்தப் பையன் அறுந்த கயித்தைக் கையில சுத்திப் பிடிச்சுட்டான். தனி ஆளா அந்த வேனை நிறுத்திடலாம்னு நினைச்சான். அவ கத்தினா..."



"என்ன கத்தினாங்க?" என்றாள் அக்கா.

"விட்டுடு தம்பி, விட்டுடுடான்னு."

"விட்டாரா?"

"விடல."

கீழே டயர் கடையில் யாரோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊரே என் வண்டிக்கு இழுவை இல்லாததாலதான் அப்படி ஆச்சுன்னு சொல்லுச்சு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்," என்றார் பெரியவர். "இன்ஜின் நல்லா இழுத்துச்சும்மா. கயிறுதான் பழசு. என் கயிறு."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு நடந்ததையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அக்கா பயந்துவிடுவாள் என்று அதுவரை அவளிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. வளையம் விறைத்து நின்றதை, பிடித்ததை, விரல் பிரியாமல் போனதைச் சொன்னேன்.

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எந்த வளையம்டா?"

"பின்னாடி இருக்கே, கயிறு மாட்டுறது."

"தினமும் நான்தான் பின்கதவைத் திறந்து மூடுறேன். நம்ம வண்டியில அப்படி எதுவும் கிடையாதே."

பெரியவரின் முகத்தில் ரத்தம் இல்லை. "அன்னைக்குச் சாயந்திரமே அதை அறுத்துப் போட்டுட்டேன் தம்பி," என்றார். "என் கண்ணால அதைப் பார்க்க முடியல."

நான் மாடியிலிருந்து இறங்கிப் போனேன். நல்ல வெயில். இன்ஜினைத் தவிர அந்த வண்டியில் வேறு எதையும் நான் கவனித்ததே இல்லை. பின்னால் போய் மண்டியிட்டுப் பார்த்தேன்.

வழவழவென்ற சட்டம். நடுவில் அறுத்துத் தேய்த்த இரண்டு தழும்புகள். அதன்மேல் எத்தனையோ வருஷத்துப் பெயின்ட்.

வலது கையை விரித்துப் பார்த்தேன்.

உள்ளங்கையின் குறுக்கே, சிவப்பாக, அரைவட்டமாக... இரும்பு அழுந்திய தடம் இன்னும் இருந்தது.