மேல் தட்டுக்கு எட்டும் கை

என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி எங்கே வலிக்கிறது என்பதல்ல. அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமே பாதி சொல்லி முடித்திருப்பார்கள். நான் கேட்பது, "வூட்டுல யாரு இருக்காங்க?" என்று. சிலர் முறைப்பார்கள். பெண் பார்க்க வந்தவள் மாதிரி குடும்பத்தை விசாரிக்கிறாளே என்று நினைப்பார்கள் போல. ஆனால் பிசியோதெரபியில் பாதி வேலைதான் இங்கே என் கையால் நடக்கிறது. மீதி வேலை வீட்டில் இன்னொருவர் கையால் நடக்க வேண்டும். மடங்காத முழங்காலைப் பிடித்து மடக்க ஒரு மகன், தூக்க முடியாத கையைத் தாங்கித் தூக்க ஒரு மருமகள், யாராவது வேண்டும். அந்த யாராவது யார் என்று தெரிந்துகொள்ளாமல் நான் வைத்தியத்தைத் தொடங்குவதில்லை.

விருத்தாசலத்தில் இந்தச் சின்ன மையத்தை நான் ஒருத்தியாகத்தான் நடத்துகிறேன். கீழே மையம், மேலே வீடு. கணவர் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்கு விடியும்போது எனக்குத் தூக்கம் வரும். ஆகவே மேலே இருக்கும் வீடு தூங்குவதற்கு மட்டும்தான். பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாம் கீழேதான்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் நேரம் குறித்துக் கொடுத்துப் பார்த்தேன். யாரும் வரவில்லை. எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நேரம் என்றால் பஸ்ஸு வரும் நேரம்தான். எனவே என் நாளைப் பஸ்ஸை வைத்துப் பிரித்துக்கொண்டேன். காலையில் மங்களூர் பஸ்காரர்கள், மதியத்துக்குள் வேப்பூர் பஸ்காரர்கள், சாயங்காலம் பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து வருகிறவர்கள். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இங்கே எல்லோருக்கும் கரண்டு வைத்தால்தான் வைத்தியம். மெஷினை வைத்து உடம்பில் சுர்ரென்று ஏற வேண்டும். உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தால், "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், கரண்ட வைய்யிங்க" என்பார்கள். நானும் விடாக்கண்டி. பயிற்சியைச் செய்தால்தான் கரண்டு என்று சட்டம் போட்டேன். சாப்பிட்டால்தான் மிட்டாய் என்று குழந்தையிடம் சொல்வதைப்போலத்தான். நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் இந்தத் தொழிலை ஒழுங்காக நடத்தினால் ஒரு தண்டனை உண்டு. குணமானவர்கள் வரமாட்டார்கள். அதோடு, போகும்போது சொல்லிக்கொண்டும் போகமாட்டார்கள். ஊரில் எந்த வாசலில் இறங்கினாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்கிறவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்கள். அங்கே வரேன் என்று சொன்னால் மறுபடியும் நோயோடு வர நேரும் என்று ஒரு பயம். மாதக்கணக்கில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவர் கடைசி நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு மௌனமாக இறங்கிப் போவார். சாஸ்திரம் எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வலிக்கும்.

ஒரு மழைக்காலச் சாயங்காலத்தில் ஒரு அக்கா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். பீங்கான் கம்பெனியில் வேலை. ஈரச் சாமான்களை அடுக்கிய பலகையைத் தூக்கி ரேக்கின் மேல் தட்டில் காய வைக்க வேண்டும். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. வலித்த உடனே யாரோ அசைக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். இவரும் எண்ணெய் தடவி, துண்டால் தூளி கட்டி, கையைப் பிள்ளை மாதிரி அதில் தூங்கப் போட்டுவிட்டார். அசையாத தோள் அப்படியே இறுகிவிட்டது. இந்தப் பக்கத்தில் தோள் வலி என்றால் எல்லோரும் செய்வது இதைத்தான்.

"மேல் தட்டுக்குக் கை எட்டலன்னா கம்பெனில என்ன வச்சிக்க மாட்டாங்க டாக்டரம்மா" என்றார்.

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "வூட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாருமில்லீங்க."

சுவரில் விரல்களை நகர்த்திக் கையை மேலே ஏற்றிப் பழகுவதைத் தனியாகவும் செய்யலாம். ஆனால் வலி வரும் இடம் வந்ததும் உடம்பு ஏமாற்றும். தோளைக் குலுக்கி, இடுப்பை வளைத்து, ஏறிவிட்டதாகக் காட்டும். ஒருவர் தோளை அமுக்கிக்கொண்டு முழங்கையைத் தாங்கித் தூக்கினால்தான் தோள் இளகும். "சரி, அப்ப நீங்கதான் தெனமும் வரணும்" என்றேன்.

தினமும் வந்தார். கடைசி ஆளாக வருவார். கால்களில் ஒட்டிய வெள்ளை மண் என் தரையில் தடம் தடமாகப் பதியும். "இப்பதான் தொடச்சேன்" என்று நான் கத்துவேன். "கம்பெனியே எங்கூட வருது, நான் என்னா பண்ண?" என்பார். கையைத் தூக்கும்போது வலி தெரியாமலிருக்க என்னை மானாவாரியாகத் திட்டுவார். முடிந்ததும் எதிர்க்கடையிலிருந்து டீ வரும். டீ குடித்துக்கொண்டே மேஸ்திரி நடக்கும் விதத்தை நடித்துக் காட்டுவார். நான் பல மாதங்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தது அந்த நாற்காலியில்தான். காலையிலிருந்தே என் காது சாயங்காலத்தை எதிர்பார்க்கத் தொடங்கியது.

மழை நின்று வெயில் ஏறும்போது அவர் கையும் ஏறிக்கொண்டிருந்தது. கன்னத்துக்கு வந்தது, காதுக்கு வந்தது. ஒவ்வொரு விரற்கடைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இந்தக் கை முழுதாக ஏறிவிட்டால் சாயங்காலத்தில் எனக்கு யாரும் இல்லை.

ஒரு நாள் அலமாரியின் உச்சியில் வைத்திருந்த, ஒத்தடம் கொடுக்கும் மெழுகு டப்பாவை எடுக்கச் சொன்னேன். எட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். "இனிமே வரவேணாம்" என்றேன், நானேதான் சொன்னேன். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். பையை எடுத்தார், செருப்பை மாட்டினார், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு என் தரை சுத்தமாக இருந்தது. துடைக்க ஒன்றுமில்லாத தரையைத் துடைத்தேன். டீக்கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு டீ அனுப்பினார். இரண்டையும் நானே குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தேன். என் வலது தோளும் அப்போது கொஞ்ச நாளாகவே பிடித்துக்கொண்டிருந்தது. தலை பின்ன இடது கையைப் பழக்கிக்கொண்டேன். எல்லோருடைய உடம்பையும் தூக்கினால் பிடிக்கத்தான் செய்யும், சும்மா விட்டால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். கிளம்பிக்கொண்டிருந்த வேப்பூர் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நேராக, காதைத் தாண்டி, முழுதாக மேலே ஏறி ஆடியது. அந்த அக்காதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பையை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையைத் தூக்கினேன். அது தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. குலுக்கிப் பார்த்தேன், வளைந்து பார்த்தேன், அதற்கு மேல் வரவில்லை. பஸ்ஸு வளைவில் திரும்பிப் போய்விட்டது. அரைகுறையாகத் தூக்கிய கையோடு நான் நின்றிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைத் தடம் பதிய அக்கா உள்ளே வந்தார்.

"என்னக்கா, மறுபடியும் புடிச்சிக்கிச்சா?" என்று பதறினேன்.

"எனக்கு ஒன்னுமில்ல. நேத்து பஸ்ஸுலேர்ந்து பாத்தேன். ஒங்க கை ஏறல. குலுக்கிக் குலுக்கி ஏமாத்துறீங்க" என்றார். "உக்காருங்க."

நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒரு கையால் என் தோளை அமுக்கினார், இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் தூக்கவில்லை. என்னைப்போலவே குரலைக் கெத்தாக்கிக்கொண்டு, "வூட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

கேலிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்திருக்க வேண்டும். இத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாடிப்படியைப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது.

"யாருமில்லக்கா."

அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"சரி, அப்ப நாந்தான் தெனமும் வரணும்" என்று சொல்லி என் கையைத் தூக்கினார்.