புவனாவின் இடது கை

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் நடத்தும் கிருபாசங்கர், தன் பைக் சங்கிலிக்கு எந்த எண்ணெய் போடுவது என்று முடிவெடுக்க ஒரு மழைக்காலத்தையே செலவழித்தவர். கொப்பரையை உடைத்துப் பார்த்த மாத்திரத்தில் எவ்வளவு எண்ணெய் தேறும் என்று சொல்லிவிடுவார். அங்கே யோசனையே கிடையாது. சங்கிலி என்று வந்தால்தான் ஆராய்ச்சி. மெழுகு வகையா, பீய்ச்சுகிற வகையா? செம்மண் தூசி ஒட்டுமா? சித்திரை வெயிலில் உருகி வழியுமா? எண்ணெயிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு டப்பா வரவழைத்தார்.

அதுவரை அந்தச் சங்கிலியைக் கவனித்து வந்தது அவர் மனைவி புவனா. மில்லில் கிடக்கும் கியர் ஆயிலைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே தடவிவிடுவார். வண்டியும் பாதி நாள் அவரிடம்தான். கொப்பரை அள்ளி முடித்த மாலைகளில் உலர்களத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, யாரும் சொல்லித் தராமல் பழகிக்கொண்டது. செவ்வாய்க்கிழமைதோறும் பல்லடத்திலிருக்கும் அம்மா சென்னியம்மாளைப் பார்க்க அந்த முன்னூற்றைம்பது சிசி வண்டியில்தான் போவார். மில், அடுப்படி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் வாரத்தில், அந்த ரோடு மட்டும் அவருடையது.

“மாப்பளைக்கு ஏது வண்டி? எம்பொண்ணு வண்டியில அப்பப்ப ஓசியில போயிட்டு வாராரு” என்று சென்னியம்மாள் விருந்தாளிகள் முன்னால் சொல்வதுண்டு. எல்லோரும் சிரிப்பார்கள். கிருபாசங்கரும் சிரிப்பார், கொஞ்சம் குறைவாக.

ஒருநாள் சிவன்மலை ஏற்றத்தில் எஞ்சின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. அடுத்த ஆராய்ச்சிக்கு வழி பிறந்ததில் அவருக்கு உள்ளூர சந்தோஷம். கோவையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நிஜாமிடம் போனார். பிளேட்டை எடுத்துக் கொடுத்த நிஜாம், கூடவே இரண்டு ஸ்பிரிங் செட்டுகளை மேசைமேல் வைத்தார்.

“இது வண்டியோட வர்ற மாதிரியேதாண்ணா. இது ரேஸ் ஸ்பிரிங். புடிச்சா உடும்புப் பிடி, வழுக்கவே வழுக்காது. ஆனா கிளட்ச் லீவர் கனமா இருக்கும், இடது கையில வலுவா அழுத்தணும். ஊட்ல வேற யாராச்சும் வண்டி எடுப்பாங்களா?”

தூசி, ஏற்றம், வெயில், சுமை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர் இதற்குத் தடுமாறினார். பக்கத்தில் இரண்டு வாலிபர்கள் சைலன்சர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி ஓட்டுவாள் என்று அவர்கள் காதுபடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“நான் மட்டுந்தானுங்க பாய்.”

ரேஸ் ஸ்பிரிங் போட்ட வண்டி சிவன்மலையில் ஆடு மாதிரி ஏறியது. பிளேட் மாற்றியது மட்டும்தான் புவனாவுக்குத் தெரியும். அடுத்த செவ்வாய், புவனா முழங்கையில் சிராய்ப்போடு வீடு திரும்பினார். பல்லடம் நால்ரோடு சிக்னலில் கிளட்ச்சைப் பிடித்தபடி நின்றபோது விரல்கள் விட்டுவிட்டன. வண்டி எகிறிச் சாய்ந்தது. பின்னாலிருந்து ஒருவன், “அக்கா, உங்களுக்கெதுக்கு இந்தக் குதிர? ஸ்கூட்டி வாங்கிக்கங்க!” என்றானாம்.

“ஏனுங்க, இந்தக் கையில வலுவே இல்லீங்க. நாப்பது வயசாச்சல்ல, இனி இப்படித்தானாட்ட இருக்குது.”

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கிருபாசங்கர் சொன்னது: “தைலம் தேச்சுப் பாரு.”

வலி நிற்கவில்லை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். “புதுசா ஏதாச்சும் பாரமான வேல செய்யறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். புவனா நேர்மையாக யோசித்துவிட்டு, “இல்லீங்க டாக்டர், எப்பவும் செய்யறதுதானுங்க” என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த கிருபாசங்கர், சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தில் ஒவ்வொரு எலும்பின் பெயரையும் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கை அரை நாளில் மாற்றிவிடலாம். ஆனால் அதை எதற்குப் போட்டீர்கள் என்று புவனா கேட்டால், கடையில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் வெளியே எடுக்க வேண்டுமே.

புவனா அதன்பிறகு பல்லடத்துக்கு பஸ்ஸில் போனார். “இந்தக் கைய நம்பி எப்படீங்க அவ்வளவு தூரம் போறது?” பஸ்ஸில் கை சும்மா இருந்ததால் போன் வந்துகொண்டே இருந்தது; மில்லிலிருந்து, வீட்டிலிருந்து. சென்னியம்மாள் ஓசி வண்டிக் கேலியை நிறுத்திவிட்டார். “மாப்பளை வண்டி பளபளன்னு இருக்குதுங்க” என்றார் ஒருமுறை, வெறும் மரியாதையாக. நிஜமாகவே பளபளத்தது. சங்கிலியில் தூசி ஒட்டவேயில்லை. வெளிநாட்டு டப்பா நல்ல சரக்குதான். வண்டி ஷெட்டை விட்டு அதிகம் வெளியே வரவுமில்லை.

தை பிறந்ததும் அவர் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுக்கொண்டு வந்தார். புவனாவைக் கூப்பிட்டு, “புடிச்சுப் பாரு” என்றார்.

புவனா தோள்பையோடு வந்து லீவரை அழுத்தினார். “வெண்ணெயாட்ட இருக்குதுங்க.” இன்னொரு தடவை அழுத்தினார். “என்னங்க பண்ணுனீங்க?”

“பழைய ஸ்பிரிங்க மாட்டிட்டேன். நடுவுல போட்டதுதான் கனம்.”

“அப்ப எங் கைக்கு ஒண்ணுமில்லீங்களா?”

நிஜாம் தவறுதலாக மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொல்ல, வரும் வழியெல்லாம் பேசிப் பழகியிருந்தார். ஆனால், “இல்ல” என்றுதான் வந்தது.

“டாக்டர்கிட்ட கூட்டீட்டுப் போறப்பவே தெரியுங்களா?”

“தெரியும் புவனா.”

சாவியை நீட்டினார். புவனா வாங்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. வாசல்வரை போய் நின்று, இடது கையை விரித்து, மூடி, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பல்லடம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.