பச்சை பூசாத இரண்டு கற்கள்

அன்று காலை ஏரிக்கரையில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, எதிர்வீட்டு காதர் பாய், படம் வாங்க மேடவாக்கத்திலிருந்து வந்த ஒருவர், அண்ணனுக்குக் குடை பிடித்துக்கொண்டு தங்கை நான். வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்லிவிடப் போகிறார்களே என்றுதான் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் கூடுவாஞ்சேரியில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், படிக்க வேண்டிய வயதில் தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் எட்டாவதோடு நின்றதற்கு என்னைவிட அவர்தான் அதிகம் வருந்தினார். ஓவியம் யாரிடமும் கற்றதில்லை. ஞாயிறு விடிந்தால் ஸ்டூலையும் வண்ணங்களையும் எடுத்துக்கொண்டு, சேலையூரில் எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குப் போய்விடுவார். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோக மாட்டார். ஏரித் தண்ணீரையே கிண்ணத்தில் மொண்டு பிரஷ்ஷை நனைப்பார். பனியில் கரை எது, நீர் எது, வானம் எது என்று தெரியாது. கொக்குகள் தூக்கத்தில் நடப்பதுபோல் நடக்கும். அந்த நேரத்தில் எனக்குக்கூடக் கவலை மறந்துபோகும்.

ஏரிப் புறம்போக்கை மனை போட்டு விற்பதற்கு ரியல் எஸ்டேட்காரர்கள் மஞ்சள் பூசிய எல்லைக் கல் நட்டார்கள். காலனிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனோம். வக்கீல் செலவுக்காக அண்ணன் தம் படங்களை விற்றுக் கொடுத்தார். நன்றாகவே போயின. ஆனால் வாங்கிய ஒருவர் மறுவாரமே வந்து, "இவ்ளோ அழகா இருக்கே, இங்க பிளாட் ஏதாவது வருதா சார்?" என்று கேட்டார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகு நட்ட கற்களையும் சேர்த்தே வரைந்தார். அந்தப் படங்களை யாரும் வாங்கவில்லை.

மேடவாக்கத்துக்காரர் வந்தது அப்போதுதான். பனிக்கு நடுவே ஏரி, ஓரத்துப் புல்லில் இரண்டு மஞ்சள் கற்கள். படம் இன்னும் காயக்கூட இல்லை.

"என் ஹாலுக்கு கரெக்டா இருக்கும் சார். அந்தக் கல்லு ரெண்டை மட்டும் எடுத்துடுங்க. வக்கீல் பாக்கி முழுசா நானே குடுத்துடறேன்."

குடையைத் தாழ்த்திக்கொண்டு நான் குனிந்தேன். "அண்ணா, ரெண்டு கல்லுதானே. கொஞ்சம் பச்சை பூசிடுங்களேன். வக்கீல் கேஸை விட்டுட்டா என்ன பண்றது?"

காதர் பாய் சிரித்தார். "இன்னாம்மா நீ, அந்தக் கல்ல புடுங்கத்தான் இவ்ளோ நாளா கோர்ட்டுக்கு அலைஞ்சுகினு கீறோம். உங்க அண்ணன் பிரஷ்ஷாலயே புடுங்கிடணுமா?"

அண்ணன் வந்தவரைப் பார்த்து, "கல்லு அங்க இருக்குல்ல சார்," என்றார். "அது போற அன்னிக்கு வாங்க. கல்லு இல்லாம ஒண்ணு வரைஞ்சு சும்மாவே தர்றேன்."

அந்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு மூச்சிரைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜன்னலைப் பார்த்தபடியே படுத்திருப்பார். போர்வையின் மேல் விரல்கள் மெல்ல அசையும்.

"தண்ணி ஏறியிருக்கா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கல்லு முழுகிப்போச்சு அண்ணா."

கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஏரி தெரிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

அண்ணனின் காரியத்துக்கு மேடவாக்கத்துக்காரரும் வந்திருந்தார். அந்தப் படத்தை வாங்கி, வேறு ஓவியரை வைத்துக் கற்களை மறைத்துக்கொள்வதாகவும், பாக்கியைக் கட்டிவிடுவதாகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "குடுக்கறதா இல்லைங்க," என்றேன். இன்றுவரை அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த காதர் பாய்க்கும், சோறு பொங்கிக் கொடுத்த காலனிப் பெண்களுக்கும், பொறுத்துக்கொண்டிருக்கும் வக்கீலுக்கும் எங்கள் நன்றி. படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். வழக்கு நடக்கிறது. வக்கீலுக்கு இன்னும் தர வேண்டியது பதினாலாயிரம் ரூபாய்.