கொடி குத்தியிருந்த துரைசாணி

இலங்கையில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. அங்கிருந்து பதுளையிலிருந்த என் துணிக்கடைக்குக் குதிரை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே ஓர் அமெரிக்கத் துரைசாணி. வெயிலில் சிவந்த முகம். நெஞ்சில் அவர் நாட்டுக் கொடி. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதை நேராக்கிக்கொள்வார்.

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டதற்காகச் சொந்தச் சர்க்காரே தன்னைச் சிறையில் போட்டது என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்: “அப்புறமும் ஏன் அந்தக் கொடி?”

“சிறையில் போட்டவர்களுக்கு மட்டுமா இது சொந்தம்? எனக்கும்தான். அதனால்தான் சண்டை போடுகிறேன்.”

ஏற்றம் வந்தது. குதிரைக்குச் சிரமம் என்று இருவரும் இறங்கி மழையில் குடை பிடித்து நடந்தோம். கோயிலுக்குப் போய்வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வெள்ளைக்கார முகத்தைக் கண்டதும் குடைகளை மடக்கி ஓரமாக நின்றார்கள். துரைமாருக்குக் காட்டும் மரியாதை அது. நான் விளக்கியதும் துரைசாணி, அவர்கள் குடை விரிக்கும்வரை நகர மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார்.

அவர்களை வேலை வாங்கும் கங்காணி என்னிடம் கெஞ்சினார்: “மொதலாளி, தொரசாணிய போகச் சொல்லுங்க. அவங்க நின்னா நாங்க எப்படி விரிக்கிறது? புள்ளத்தாச்சி ஒருத்தி நனையிறா.”

சொன்னேன். முகம் வாடி நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். குடைகள் விரிந்திருந்தன.

“நீங்கள் ஏன் நனைகிறீர்கள்?” என்று என்னைக் கேட்டார்.

என் குடையும் மடங்கியிருந்தது. எப்போது மடக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.