நாத்தனார் போட்ட இணைப்பு

என் நாத்தனாருக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அன்று மதியமும் தட்டைத் தள்ளிவிட்டுக் கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

கிடங்குப் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு அச்சடிக்கும் நிரல் எழுதுவது அவள் வேலை. சீட்டில் ஒரு பேக்ஸ்லாஷ் விழ வேண்டும். அந்தச் சாய்ந்த கோடோ, நிரலுக்குள் வந்தால் பக்கத்து எழுத்தையும் விழுங்கிவிட்டு வரியை இரண்டாக உடைக்கிற ரகம். அதை அடக்க வழி தேடி அந்த நிரல்மொழியின் இணையக் கையேட்டைத் திறந்தாள். எழுத்துச் சரங்கள் பக்கம், "அச்சிடுதல் பக்கம் பார்க்க" என்றது. அங்கே போனால், "எழுத்துச் சரங்கள் பக்கம் பார்க்க." அந்தக் கோட்டை அடக்கும் வழி சொல்லும் அட்டவணையோ யாரும் எட்டிப் பார்க்காத மூன்றாவது பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"என்னைப் பந்தாடிட்டாங்க அண்ணி! இனிமே ஒருத்தரும் இப்படி அலையக் கூடாது."

கையேட்டுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பராமரிக்கும் தன்னார்வலர்கள் ஒப்புக்கொண்டால் ஏறும். இரண்டு பக்கங்களிலிருந்தும் அட்டவணைக்கு நேர் இணைப்புப் போட்டு அனுப்பினாள். இணைப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலா, முடிவிலா என்று அவர்கள் பட்டிமன்றமே நடத்தினார்கள். இவள் நகம் கடித்தபடி மாற்றி மாற்றி எழுதினாள். காத்திருந்த நாட்களில் கை சும்மா இருக்காமல், "சர்க்கரைக்கு மேல்தட்டு பார்க்க" என்று சமையலறை முழுக்கச் சீட்டு ஒட்டினாள்.

"ஒரு வரிக்கு இவ்வளவு அலப்பறையா?" என்றார் என் வீட்டுக்காரர். அவரும் நிரல் எழுதுகிறவர்தான். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருத்தம் ஏறிய அன்று அவள் என்னைப் பிடித்துச் சுற்றிய சுற்றில் என் கையிலிருந்த கரண்டி எங்கோ பறந்தது.

"உலகக் கோப்பையா ஜெயிச்சுட்ட?" என்றார் அண்ணன்காரர்.

அடுத்த வாரம் அவரே விசைப்பலகையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கோப்பின் முகவரி அதே சாய்ந்த கோட்டால் திரையில் இரண்டு வரியாக உடைந்து கிடந்தது. கையேட்டைத் திறந்தார். எழுத்துச் சரங்கள் பக்கம்! நாங்கள் இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இணைப்பை அமுக்கினார், அட்டவணை வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு சேர்த்தார், முகவரி ஒரே வரியில் நிமிர்ந்தது. பக்கத்தை மூடிவிட்டுக் கொட்டாவி விட்டார். அவ்வளவுதான்.

"சொல்லிடவா?" என்று கிசுகிசுத்தேன். எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

என் கையை நறுக்கென்று கிள்ளினாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"உஸ்ஸ்! எங்கயும் நிக்காம நேரா போயிட்டான், பாத்தீங்களா அண்ணி?"