கரும்பலகையில் இருந்தது என் பெயர்தான்

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில், இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் இது நடந்தது. நான் சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாரும் ஒரே அறையில், என்னிடம். பிள்ளைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. பதினெட்டு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

அன்று பஸ்ஸிலேயே தலைவலி. பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல இருந்தது. ஆடிக் காற்றும் தூசியும்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். பள்ளி கேட்டுக்குள் நுழையும்போது வலது தோள் தூணில் இடித்தது. வகுப்பறை வாசலிலும் அதே தோள் இடித்தது. தூக்கம் போதவில்லை போல என்று அதையும் விட்டுவிட்டேன்.

தலைமை ஆசிரியர் அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளை வராந்தாவில் கணக்குப் போட உட்கார வைத்துவிட்டு என் வகுப்புக்கு வந்தேன். பெயர்களைக் கூப்பிட்டேன். வரிசை மனப்பாடம் என்பதால் பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ழ, ல, ள மூன்றையும் அன்று சொல்லித் தருவதாகத் திட்டம். கரும்பலகையில் மழை, மலை, காளை என்று பெரிதாக எழுதினேன். பிள்ளைகள் பக்கம் திரும்பி, “முதல் வார்த்தை என்ன?” என்றேன்.

“மழை!” என்று கத்தினார்கள்.

தொட்டுக்காட்டலாம் என்று குச்சியோடு பலகைப் பக்கம் திரும்பினேன். அங்கே மழை இல்லை.

வெள்ளையாகக் கோடுகள் இருந்தன. வளைந்தும் சுழிந்தும் இருந்தன. சாக்பீஸ் தூள் கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது எந்த எழுத்தும் இல்லை. கண்ணை மூடித் திறந்தேன். அப்படியேதான் இருந்தது. யாராவது பிள்ளை விளையாட்டாக அழித்துக் கிறுக்கிவிட்டதோ என்று நினைத்தேன். எப்படி முடியும்? பலகை முன்னால் நின்றது நான் மட்டும்தான்.

டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். என் பெயரை எழுதிப் பார்ப்போம் என்று தோன்றியது. கை தயங்கவே இல்லை. வழக்கமாகக் கையெழுத்துப் போடுகிற வேகத்தில் ஓடி முடித்தது. ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதியது என் கை. எழுதியது என் பெயர். அது தெரியும். ஆனால் கண் முன்னால் இருந்ததற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரோ என் கையைப் பிடித்து, எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் எதையோ எழுதிவிட்டு நகர்ந்துகொண்டது போல இருந்தது. உண்மையாகவே பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

சுவரில் நானே எழுதி ஒட்டிய எழுத்து அட்டைகள் இருந்தன. ஆட்டுப் படம் தெரிந்தது, இலைப் படம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த எழுத்து மட்டும் செத்துப்போயிருந்தது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். அறையின் வலது பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், நான் தலையைத் திருப்பினால்தான் இருந்தார்கள். நேராகப் பார்த்தால் அந்தப் பக்கம் யாருமே இல்லை. இருட்டு கூட இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பிள்ளைகளின் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதே நான் யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால், வெட்கம். படிக்கச் சொல்லித் தருகிற டீச்சருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். போனைத் திறந்தேன். அதிலும் ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், அதுவரை சமாளிப்போம் என்று முடிவு செய்தேன்.

மேலட்டைப் படத்தை அடையாளம் வைத்துப் பாடப் புத்தகத்தை எடுத்தேன். பிள்ளைகளையும் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, நான் படிக்கப் படிக்க வரியில் விரலை வைத்துக்கொண்டு வரச் சொன்னேன். கதை எனக்கு மனப்பாடம். கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, நல்ல சத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அவர்களும் பின்னாலேயே சொன்னார்கள். இருபது குரல்கள், எனக்கு மட்டும் தெரியாத ஒரு ரகசியத்தை ஒன்றாகச் சொல்வது போல இருந்தது.

அப்போது முன் வரிசையில் ஒரு குரல். “டீச்சர், நீங்க படிக்கறது இந்தப் பக்கத்துல இல்லீங்க. இங்க படம் வேற இருக்குதுங்க.”

மூன்றாம் வகுப்புப் பெண். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்திருப்போம். இரண்டு வருஷமாக அவள் அரும்பிலேயே நின்றுகொண்டிருந்தாள். முந்தின வாரம்தான் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், “உனக்குப் பின்னாடி வந்ததுங்க எல்லாம் படிக்குதுங்க. பார்த்தா தெரியாதா? கண்ணு இருக்குதுதானே?” என்று அவளைக் கேட்டிருந்தேன்.

அவள் சொன்னதும் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. “வாயை மூடிக்கிட்டுப் புத்தகத்தைப் பாரு” என்று கத்திவிட்டேன். கத்தும்போதே கை நழுவிப் புத்தகம் கீழே விழுந்தது.

அந்தப் பெண் எழுந்து வந்து புத்தகத்தை எடுத்தாள். மேஜையில் வைத்துவிட்டு, போகாமல் என் காதருகே வந்து, ரொம்ப மெல்லக் கேட்டாள். “டீச்சர், உங்களுக்கும் தெரியலீங்களா?”

நான் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“எனக்குத் தெரியலைன்னா நானும் இப்படித்தானுங்க சத்தமா படிப்பேன்.”

அவள் கேலி செய்யவில்லை. அந்த முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. எட்டு வயதுப் பெண் நான் இருக்கிற இடத்தை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறாள்.

“கண்ணை மூடிக்கங்க டீச்சர்” என்றாள். என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் விரலால் மெதுவாக எழுதினாள். கீழே இறங்கி, வலது பக்கம் போய், மேலே ஏறி, வளைந்து உள்ளே வந்தது.

“ம” என்றேன்.

என் வாயிலிருந்து அது தானாக வந்தது. கண்ணைத் திறக்கச் சொல்லி, அதே எழுத்தைப் புத்தகத்தில் அவள் காட்டினாள். தெரியவில்லை. மறுபடி கண்ணை மூடினேன். கையில் எழுதினாள். ம. கண்ணால் பார்த்தால் இல்லாத எழுத்து, கண்ணை மூடினால் தோலுக்கு அடியிலிருந்து வருகிறது. அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. அந்தக் கணத்தில்தான் இது கண் கோளாறு இல்லை, தலைக்குள் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

“சாப்பாட்டு அக்காவைக் கூட்டிட்டு வா சாமி” என்றேன். ஓடினாள்.

சத்துணவு சமைக்கும் அக்கா ஈரக் கையோடு வந்தார். வலது பக்கமாக வந்ததால், சத்தம் கேட்டும் எனக்கு ஆள் தெரியவில்லை. “ஏனுங்க டீச்சர், இங்கதான நிக்கறேன், எங்கெங்கயோ பாக்கறீங்க?” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “எங்க மாமனாருக்கு வாதம் வந்தப்ப இப்படித்தானுங்க, தட்டுல ஒரு பக்கத்துச் சோத்தை அப்படியே உட்டுப்புட்டு எந்திரிச்சாரு. ஒக்காருங்க, அசையாதீங்க. நான் வண்டி கொண்டாரச் சொல்றேன்” என்று வெளியே ஓடினார். எதிரில், போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர் வீடு. அவருடைய கார் ஐந்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா தன் கூட வேலை பார்ப்பவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு என்னோடு ஏறிக்கொண்டார். என் கணவருக்கும் அவரே காரோட்டியவரின் போனிலிருந்து பேசினார். எண்ணை நான்தான் சொன்னேன், அது மறக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாகப் போய் வந்த சேலம் ரோடு அது. அன்று ஒரு பலகையும் எனக்கு ஊர்ப் பெயர் சொல்லவில்லை. கடைகள், பஸ்கள், ரோட்டோரத்து ஃப்ளெக்ஸ், எல்லாவற்றிலும் கரும்பலகையில் பார்த்த அதே புழு நெளிசல்தான். எங்கே வந்திருக்கிறோம் என்று மூன்று தடவை அக்காவைக் கேட்டேன். நான் பிறந்த மாவட்டத்தில், பட்டப்பகலில், எங்கோ கண்காணாத தேசத்தில் தொலைந்துபோனவள் மாதிரி அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். ஒரு தாளைக் கொடுத்து, எதையாவது எழுதுங்கள் என்றார். எழுதினேன். தாளைத் திருப்பி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என் முன்னால் நீட்டி, படியுங்கள் என்றார். முடியவில்லை. அழுதுவிட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, அதுவே எனக்குப் பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. மூளையின் பின்பக்கத்தில் ஒரு ரத்தக் கட்டி. எழுதும் இடம் நன்றாக இருக்கும், படிக்கும் வழி மட்டும் அடைபட்டுப் போகும், அபூர்வமாக அப்படி நடப்பதுண்டு என்றார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசி போட நேரக் கணக்கு உண்டாம். நல்லவேளை, நேரம் இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டபோது மட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தேன்.

“பள்ளிக்கூடம் விடற வரைக்கும் சமாளிக்கலாம்னு இருந்திருந்தீங்கன்னா, இப்ப என்கிட்ட பேசிக்கிட்டு இருப்பீங்களான்னு தெரியாதும்மா” என்றார் டாக்டர்.

எழுத்துகள் ஒரே நாளில் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை ஓட்டி ஓட்டித்தான் பிடித்தேன். முதல் வார்த்தை முழுதாகப் படிக்க நான்கு நாள் ஆனது. “காலை” என்று இருந்தது. கணவரிடம் அதை மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

இரண்டரை மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். டீச்சருக்குப் படிப்பு மறந்துபோச்சு, இப்போதுதான் திரும்பப் படிக்கிறேன் என்றதும் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய், “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினது தப்பு கண்ணு” என்றேன். “எந்த அன்னைக்குங்க டீச்சர்?” என்று கேட்டாள் அவள்.

அப்படி எத்தனையோ நாட்கள் இருந்திருக்கின்றன.

அவளைச் சிறப்பாசிரியரிடம் காட்டினோம். சில குழந்தைகளுக்குக் கண் வழியாக எழுத்து பதிவது கஷ்டம், அறிவுக் குறைவு இல்லை என்று அவர் விளக்கினார். மணலில், பலகையில், காற்றில் என்று கையால் எழுதி எழுதியே அவளுக்குப் படிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது மெதுவாக, ஆனால் சரியாகப் படித்தாள். எனக்கும் இன்றுவரை பஸ் பலகையைப் படிக்க மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் அதிகமாகத்தான் ஆகிறது.

அன்றைய பயம் எனக்கு இப்போது குறைந்துவிட்டது. ஆனால் வேறொன்று குறையவே இல்லை. எழுத்துகள் செத்துக் கிடந்த அந்த இடத்தில் நான் தனியாக இருந்தது ஒரே ஒரு காலை நேரம். அந்தக் குழந்தை அங்கே இரண்டு வருஷம் தனியாக இருந்திருக்கிறாள், என் கண் முன்னாலேயே, நான் அவளைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.